கரடுமுரடான வேலைக்கு ஒரு கைக்கடிகாரம்: நான்கு ஆண்டு கட்டிய பின் எழுதுவது

என்னிடம் முன்பு இருந்த நான்கு கைக்கடிகாரங்களில் ஒன்றுகூட உள்ளே இருந்த இயந்திரம் பழுதாகிப் போனதில்லை. ஒன்றில் பட்டையைப் பிடித்திருந்த, ஊசிபோன்ற சிறு பின் முறிந்தது. கிணற்று மோட்டாரின் குழாயை இறுக்கக் குனிந்திருந்த நேரத்தில் கடிகாரம் கழன்று தண்ணீருக்குள் போயிற்று, அடியில் கிடந்தபடி பல மாதம் சரியான மணி காட்டிக்கொண்டிருந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இன்னொன்று, செல் மாற்றிக்கொண்டு வந்த மூன்றாவது வாரம் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்து, டயலில் துருப்பொட்டு வைத்து நின்றது. மூன்றாவதன் கண்ணாடி, கிரைண்டர் பொறி பட்டுப் பட்டு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆகி, மணி பார்க்க வெளிச்சத்தைத் தேட வேண்டியதாயிற்று. நான்காவது இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் பட்டை அந்த ஒரு மாடலுக்கென்றே வார்க்கப்பட்டது, அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆகவே அது இழுப்பறையில் ஓடுகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உழைக்கும் கையில் கட்டுவதற்குக் கடிகாரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே என்ன இயந்திரம், எத்தனை மீட்டர் ஆழம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்கிறார்கள். கடிகாரமோ வெளியிலிருந்துதான் சாகிறது: பின், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம், கண்ணாடி, பட்டை ஆகிய இந்த நான்கில் ஏதோ ஒன்று முதலில் போகிறது. ஐந்தாவது கடிகாரத்தை நான் இந்த வரிசையில்தான் பார்த்து வாங்கினேன். அது கேசியோவின் ஜி-ஷாக் வகையில் சதுர முகம் கொண்ட 5600 வரிசையைச் சேர்ந்த, சூரிய வெளிச்சத்தில் மின்னேறும் ஜிடபிள்யூ-எம்5610. பட்டறை, மோட்டார் பைக், தோட்டம், மழை என்று நான்கு ஆண்டுகளாக இதைக் கழற்றிய நேரம் குறைவு.

இந்தச் சதுர வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தந்தை கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்ததிலிருந்து, உடையாத கடிகாரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேசியோ பொறியாளர் கிகுவோ இபே முனைந்தார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 10 பார் நீரழுத்தம் (ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம்) தாங்க வேண்டும், செல் 10 ஆண்டு வர வேண்டும் என்பவை அவர் வைத்துக்கொண்ட மூன்று இலக்குகள். மாதிரிகளைச் செய்து செய்து கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட மாதிரிகள் உடைந்திருக்கின்றன. வெளிக்கூட்டை எவ்வளவு தடிமனாக்கினாலும் உள்ளே ஏதேனும் ஒரு பாகம் உடைந்துகொண்டே இருந்தது. பூங்காவில் ஒரு சிறுமி பந்தைத் தரையில் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோது, பந்துக்குள் மிதக்கும் பொருளுக்கு அடிபடாது என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. அதன்படி இயந்திரத்தைக் கூட்டோடு முழுவதும் ஒட்டவிடாமல், ஒரு சில இடங்களில் மட்டும் தொடும்படி மிதக்கவிட்டு, 1983 ஏப்ரலில் டிடபிள்யூ-5000சி என்ற முதல் கடிகாரம் வெளிவந்தது. இன்று கடையில் கிடைக்கும் சதுர மாடல்கள் அந்த உருவத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் இந்தச் சிந்தனை தெரியும். கடிகாரத்தை மேசைமீது முகம் கவிழ்த்து வையுங்கள்: கண்ணாடி மேசையைத் தொடாது, சுற்றியிருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் விளிம்புதான் தொடும். பக்கவாட்டுப் பொத்தான்கள் நான்கும் விளிம்பின் மட்டத்துக்கு உள்ளேயே அமிழ்ந்திருக்கின்றன. சுவரில் இடித்தாலும் பொத்தானுக்கு நேரடியாக அடி போவதில்லை. பட்டை, கூட்டிலிருந்து புறப்படும் இடத்திலேயே விறைப்பாகக் கீழ்நோக்கி வளைந்திருப்பதால், எந்தப் பக்கம் விழுந்தாலும் முதலில் தரையைத் தொடுவது ஏதோ ஒரு மென்மையான பாகமாகவே இருக்கிறது. என்னுடையதில் விளிம்பின் மூலைகள் நான்கும் மழுங்கி, எழுத்துகளில் பாதி தேய்ந்துவிட்டன. கண்ணாடி மட்டும் தப்பியிருக்கிறது. விளிம்பு தேய வேண்டும், கண்ணாடி தப்ப வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. இதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. விளிம்பைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

எடையைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். கனமான கடிகாரம் உறுதியானது என்று கை சொல்லும், ஆனால் விழும்போது கனமே பகை. முக்குளிப்பவர்களுக்கென்று செய்யப்பட்ட, எஃகுச் சங்கிலி போட்ட பெரிய டைவர் வாட்ச் ஒன்று 150 கிராமைச் சாதாரணமாகத் தாண்டும். இந்தக் கடிகாரம் ஏறத்தாழ 52 கிராம். ஒரே உயரத்திலிருந்து விழும்போது மூன்றில் ஒரு பங்கு எடைக்கு மூன்றில் ஒரு பங்கு அடிதான். அதோடு, ஏணிப் படியிலோ கதவு நிலையிலோ கை இடிக்கும்போது கனமான கடிகாரம் மணிக்கட்டு எலும்பையும் சேர்த்து இடிக்கும் என்பது கட்டி உழைத்தவர்களுக்குத் தெரியும். தடிமன் 12.7 மில்லிமீட்டர், கையுறைக்குள் நுழையும், நீளக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கண்ணாடி விஷயத்தில் நான் ஒரு சமரசம் செய்துகொண்டேன். இதில் இருப்பது மினரல் கண்ணாடி, சஃபையர் என்ற செயற்கை நீலக்கல் இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் சஃபையர் 9, மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7, மினரல் கண்ணாடி 5 முதல் 6 வரை. மணலும் சிமெண்டும் புழங்கும் இடத்தில் மினரல் கண்ணாடி கீறும், சஃபையர் கீறாது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும். ஆனால் கீறலை எதிர்க்கும் கடினம் வேறு, அடியைத் தாங்கும் வலு வேறு. கூர்மையான அடி விழுந்தால் சஃபையர் சில்லுசில்லாகத் தெறிக்கக்கூடியது, அந்தத் துணுக்குகள் உள்ளே போனால் முள்ளையும் டயலையும் கெடுத்துவிடும். பழைய கடிகாரங்களில் இருக்கும் அக்ரிலிக் கண்ணாடியோ சட்டையில் உரசினாலே கீறிவிடும், ஆனால் எளிதில் உடையாது, மெருகுப் பசை போட்டுத் துணியால் தேய்த்தால் கீறல் மறைந்தும்விடும். அலுவலகமும் பேருந்துமாக இருப்பவர் சஃபையர் வாங்கட்டும். சுத்தியல் பிடிக்கிறவருக்கு, விளிம்புக்குள் தாழ்ந்து பதிந்திருக்கும் மினரல் கண்ணாடியே மேல் என்பது என் முடிவு. சஃபையர் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கடிகாரங்களை நான் தொடுவதில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்மூடியில் பொறித்திருக்கும் எண்ணைப்போலத் தவறாகப் படிக்கப்படும் எண் வேறில்லை. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளில்லை. 3 பார் நிலையழுத்தத்தைப் புதிய கடிகாரம் சோதனையில் தாங்கியது என்பதே பொருள். கை கழுவலாம், மழையில் நனையலாம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. நீந்துவதற்கு 10 பார், தினமும் தண்ணீரில் புழங்குவதற்கு 20 பார் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். சாதாரணக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதிக்கலாம். டைவர் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில்தான் ஒவ்வொன்றையும், பொறித்த அளவைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில், சோதித்தாக வேண்டும். நான் கட்டியிருப்பது 20 பார் கடிகாரம், டைவர் தரம் வாங்கியது இல்லை. என் தேவைக்கு அது போதும்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை நம்பி நிற்கின்றன. மேலே சொன்ன இரண்டாவது கடிகாரத்தைப் பிறகு நானே திறந்து பார்த்தேன். பின்மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய வளையம் அதன் பள்ளத்தில் முழுவதும் உட்காராமல், ஓரிடத்தில் மூடிக்கும் கூட்டுக்கும் இடையே நசுங்கி, நகம் வெட்டியதுபோல ஒரு பிறை வடிவத் தடம் விழுந்திருந்தது. செல் மாற்றியவர் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக் கொடுத்ததை அப்போது நான் திறமை என்று பாராட்டியது நினைவுக்கு வந்தது. வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, பள்ளத்தில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். வளையம் விறைத்துப் போயிருந்தால் புதியது போட வேண்டும். செல் மாற்றக் கொடுக்கும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் தண்ணீரில் புழங்கும் கடிகாரத்தைக் கொடுக்க வேண்டாம்.

சூரிய வெளிச்சத்தில் மின்னேறும் மாடலை நான் எடுத்ததற்கு உண்மையான காரணம் இதுதான். செல் செலவு மிச்சம் என்பது பெரிய விஷயமில்லை. பின்மூடியைத் திறக்க வேண்டிய நாள் தள்ளிப் போகிறது என்பதே பெரிய விஷயம். பின்மூடியை நான்கு திருகுகள் பிடித்திருக்கின்றன, நான்கு ஆண்டாக ஒன்றையும் நான் தொடவில்லை. முழுதாக மின்னேறியபின் வெளிச்சமே படாவிட்டாலும் சுமார் 10 மாதம் ஓடும் என்கிறது நிறுவனத்தின் குறிப்பு. உள்ளே இருக்கும் மின்னேறும் செல்லுக்கும் ஆயுள் உண்டு, என்றாவது ஒருநாள் அதையும் மாற்றத்தான் வேண்டும். முழுக்கைச் சட்டைக்குள்ளேயே நாள் முழுதும் கிடந்தால் மின்னேற்றம் குறையும். இரவில் ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டால் காலை வெளிச்சமே போதும்.

வெந்நீரிலும் ஆவியிலும் எந்தக் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ரப்பரும் உலோகமும் வேறுவேறு அளவில் விரியும், சோப்பு நீர் பரப்பு இழுவிசையைக் குறைத்து நுண்ணிய இடைவெளியில் தண்ணீரை நுழையவிடும். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்துவதும் கூடாது.

இனி, மணி காட்டும் வேலை. டிஜிட்டலா முள்ளா என்பது ருசியைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அடிபடும் கைக்கு அது ருசியை மட்டும் பொறுத்ததில்லை. சாவி கொடுக்கும் கடிகாரத்திலும், கையின் அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கிலும், ஊசலாடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரத்தின் அச்சு, முனையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும். 1934-ல் வந்த இன்காப்ளாக் போன்ற ஸ்பிரிங் ஏற்பாடுகள் அந்த முனையை அடியிலிருந்து காப்பாற்றுகின்றன, நன்றாகவே காப்பாற்றுகின்றன. ஐஎஸ்ஓ 1413 சொல்லும் அதிர்ச்சிச் சோதனையோ, 1 மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடி. சான்றிதழ் சொல்வது ஒரு மேசையின் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய வீழ்ச்சியைத்தான். நாள் முழுதும் துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்திருக்கும் கையின் ஓயாத அதிர்வு அந்தச் சோதனையில் இல்லை. செல்லில் ஓடும், முள் வைத்த குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் தாங்கும், ஆனாலும் வெல்டிங் கேபிள், பெரிய ஒலிபெருக்கி, காந்தத் தாங்கி இவற்றின் அருகே போனால் அதன் சிறு மோட்டார் நின்று, விலகியதும் மறுபடி ஓடும்; இடையில் போன நிமிடங்கள் போனவைதான். ஆட்டோமேட்டிக் காந்தம் ஏறினால் வேகமாக ஓடத் தொடங்கும். டிஜிட்டலில் அசையும் பாகமே இல்லை. வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம், ஒரு சில்லு, ஒரு திரை, அவ்வளவுதான்.

அழகில் ஆட்டோமேட்டிக்கை வெல்ல எதுவுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். உட்கார நேரமுள்ள நாளுக்கு அது.

இந்தக் கடிகாரம் மாதத்துக்குக் கூடக் குறைய 15 வினாடிக்குள் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நேர அலைபரப்பு நிலையங்களிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து இரவில் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. அந்த அலை எட்டாத இடத்தில் இருப்பவருக்கு இது வெறும் குவார்ட்ஸ் கடிகாரமே. அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் சாதாரண டிடபிள்யூ-5600 மாடலை எடுத்துக்கொள்ளலாம். அடி தாங்கும் உடல்வாகு அதற்கும் இதுவேதான். செல் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே.

குறைகளுக்கு வருகிறேன். திரையில் எண்கள் பகலில் தெளிவு, அந்தியில் மங்கல். இருட்டில் பொத்தானை அழுத்தி விளக்கைப் போட இன்னொரு கை வேண்டும், இல்லையென்றால் தானே விளக்கு எரியும் வசதியை இயக்கி வைத்துக் கையைத் திருப்ப வேண்டும். ஏணியில் ஒரு கையால் பிடித்து நிற்பவருக்கு முள்ளில் ஒளிப்பூச்சு உள்ள கடிகாரமே உதவும். எண்களும் பின்னணியும் நிறம் மாறி, கறுப்புத் திரையில் வெளிர் எண்களாக வரும் மாடல்கள் கடையின் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும், வீட்டுக்கு வந்தால் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வைக்கும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தேதியும் கிழமையும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. வெள்ளெழுத்து வந்தவர் வாங்குவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டை ரெசின். உலோகம்போலத் துருப்பிடிக்காது, துணிபோல ஈரம் தங்காது. ஆனால் பாலியூரித்தேன் வகைப் பட்டைகளுக்கு ஈரமே மெல்லிய நஞ்சு: ஆண்டுக்கணக்கில் ஈரத்தோடு வினைபுரிந்து, ஒருநாள் விறைத்து நொறுங்கும். தின்னர், பெட்ரோல் பட்டால் அது விரைவில் நடக்கும். கொசு விரட்டும் களிம்புகளில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கவே செய்யும். அதைத் தடவிய கையைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை கடிகாரத்தைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் பட்டையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் பட்டையும் பிழைக்கும், மணிக்கட்டில் வரும் அரிப்பும் வராது. அரிப்பு வந்தவுடன் ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பல நேரங்களில் ஒத்துக்கொள்ளாதது அடியில் தேங்கிய வியர்வையும் அழுக்கும்தான்.

முள் உள்ள கடிகாரமே வேண்டும் என்பவர் சிட்டிசன் புரோமாஸ்டர் வரிசையில் வெளிச்சத்தால் ஓடும் 200 மீட்டர் டைவர் வாட்ச்சைப் பார்க்கலாம். அதையோ வேறு எந்த உலோகக் கடிகாரத்தையோ எடுத்தால், கூட்டிலிருந்து நீண்டு பட்டையைப் பிடிக்கும் கால்களின் இடைவெளி 20 அல்லது 22 மில்லிமீட்டராக இருந்து எந்தப் பட்டையும் பொருந்துவதாக இருக்கட்டும். ஒரே துண்டாக இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடும் நைலான் பட்டையை அதில் கோத்துவிட்டால், ஒரு பின் முறிந்தாலும் கடிகாரம் மற்றொரு பின்னில் தொங்கிக்கொண்டு கையிலேயே இருக்கும். என் முதல் கடிகாரத்தில் அந்தப் பட்டை இருந்திருந்தால் கிணற்றுக்கு அது போயிருக்காது. செலவே செய்ய விரும்பாதவருக்கு கேசியோ எஃப்-91டபிள்யூ: 21 கிராம் எடை, ஏழு ஆண்டு வரும் செல், தொலைந்தாலும் வருத்தமில்லை. அதன் முகப்பு பிளாஸ்டிக், தண்ணீருக்கு அதிகம் காட்ட வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச்சைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அடிக்கடி மின்னேற்ற வேண்டிய பொருளைக் கரடுமுரடான வேலைக்கு நான் எண்ணுவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லேத், துளைபோடும் எந்திரம், பெல்ட் ஓடும் எதுவாக இருந்தாலும் அதன் அருகில் இந்தக் கடிகாரத்தையும் கட்டாதீர்கள். உறுதியான பட்டை அறுந்துபோகாது என்பது கடையில் சிறப்பு, சுழலும் தண்டில் சிக்கினால் அதுவே ஆபத்து. கடிகாரம் தாங்கிக்கொள்ளும், கை தாங்காது. மின்கலங்களோடு வேலை செய்பவர் உலோகச் சங்கிலியையும் அதேபோலக் கழற்றி வைக்க வேண்டும், இரண்டு முனைகளைச் சங்கிலி இணைத்துவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். என் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். எந்திரத்தை ஓட்டுமுன் கடிகாரம் அதில் தொங்கும், முகம் என் பக்கமாக.

வாங்கிய அன்றே இதே மாடலுக்கான பட்டை ஒன்றையும் இரண்டு பின்களையும் கூடவே வாங்கிவிட்டேன். உறை பிரிக்காமல் இழுப்பறையில் இருக்கின்றன, அந்த நான்காவது கடிகாரத்துக்குப் பக்கத்தில்.